தியானத்துக்கு நேரமில்லாதவர் டென்ஷனை எப்படிக் குறைப்பது?

கேள்வி கேட்டவர் ஒரு தனியார் பள்ளி ஆசிரியை, வயது 37. காலை நாலே முக்காலுக்கு எழுந்து, நாலு டிபன் பாக்ஸ் கட்டி, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, இரண்டு பிள்ளைகளையும் கிளப்பிவிட்டு ஏழேகால் வேனைப் பிடிக்கிறார். சாயங்காலம் விடைத்தாள் கட்டோடு வந்தால் மறுபடியும் அடுப்படி. "தியானம் பண்ணு, யோகா பண்ணு, பாசிட்டிவா இரு என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதற்கெல்லாம் நேரம் இருந்தால் எனக்கு டென்ஷனே வந்திருக்காதே! நடைமுறையில் செய்யக்கூடியதாக ஏதாவது உண்டா?" என்கிறார்.

நீங்கள் கேட்பது நியாயம். நேரமில்லாதவர் கையில் இன்னும் அரை மணி நேர வேலையைக் கொடுத்துவிட்டு அதற்கு நிம்மதி என்று பெயர் வைக்கிறோம். தியானத்தை நான் குறை சொல்லவில்லை. தினமும் உட்கார முடிந்தவர்களுக்கு அது நல்லதே. ஆனால் உங்கள் பட்டியலில் அது ஏழாவதோ எட்டாவதோதான் வரும்.

மாவட்டத் தலைநகர் ஒன்றில் 17 வருஷமாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். வருகிறவர்களில் 'மன அழுத்தம்' என்ற சொல்லோடு வருகிறவர்கள் குறைவு. "மண்டை காயுது", "யார் பேசினாலும் எரிஞ்சு விழுறேன்", "நெஞ்சுல கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். மன அழுத்தம் என்பது செய்தித்தாள் சொல். அந்தச் சொல்லிலேயே 'மனம்' வந்து உட்கார்ந்துவிடுவதால், கோளாறு மனசுக்குள் இருப்பதாகவும் மனசைச் சரிசெய்தால் போதும் என்றும் நினைத்துக்கொள்கிறோம்.

ஸ்ட்ரெஸ் என்ற சொல்லுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. பாலத்தின் மேலும் கம்பியின் மேலும் ஏறும் அழுத்தத்தைச் சொல்லப் பொறியாளர்கள் வைத்திருந்த சொல் அது. அதை உடம்புக்குப் பரவலாக்கியவர் ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவ விஞ்ஞானி. 1936இல் கனடாவின் மாண்ட்ரியலில் எலிகளை வைத்து அவர் பார்த்தது இதுதான்: கடுங்குளிர், காயம், அளவு மீறிய ஓட்டம், விஷம் என எதைக் கொடுத்தாலும் எலியின் உடம்பு ஒரே மாதிரிதான் எதிர்வினை காட்டியது. அட்ரினல் சுரப்பி பெரிதானது, வயிற்றில் புண் வந்தது. சுமை எந்த வகை என்று உடம்பு பார்க்கவில்லை. நம் உடம்பும் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. நாய் துரத்தினாலும் ஹெச்எம் கூப்பிட்டனுப்பினாலும் அதே படபடப்புதான்.

பாலத்தில் விரிசல் விட்டால் பாலத்திடம் போய் நிதானமாக இரு என்று யாராவது சொல்வார்களா? ஒரு நாளைக்கு எத்தனை லாரி போகிறது என்றுதான் முதலில் எண்ணுவார்கள். நீங்களும் எண்ணுவதிலிருந்தே தொடங்குங்கள்.

ஒரே ஒரு வாரம். பைக்குள் அடங்கும் சின்ன நோட்டு போதும். எப்போதெல்லாம் உள்ளுக்குள் சுர்ரென்று ஏறுகிறதோ, அப்போது மணியும் இரண்டு சொல்லும் மட்டும். காரணத்தை ஆராய வேண்டாம், யார் மேல் தப்பு என்று எழுத வேண்டாம். அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த ஒரு பெண்மணி, மேனேஜர்தான் தன் உயிரை எடுக்கிறார் என்று வந்தார். அவர் கொண்டுவந்த நோட்டில் ஒரு பக்கம் ஏறக்குறைய இப்படி இருந்தது: "6.50 சின்னவன் ஷூ ஒண்ணைக் காணோம். 7.05 வண்டிச் சாவி. 7.10 இன்னும் சாவி. 7.12 கத்திட்டேன். 9.40 ராத்திரி, நாளைக்கு சார்ட் பேப்பர் வேணுமாம்." வாரத்தில் மொத்தம் 23 வரி. அதில் 11 காலை ஆறே முக்காலுக்கும் ஏழேகாலுக்கும் நடுவில். மேனேஜர் இரண்டே இடத்தில்தான் வந்தார். காலையிலேயே கத்திவிட்டுப் போனவருக்கு மேனேஜர் வாயைத் திறந்தாலே பொறுக்க முடியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

அவருக்கு நான் சொன்ன மருந்து, நிலைப்படிக்குப் பக்கத்தில் சாவிக்கு ஒரு கொக்கி. ராத்திரி படுக்கும் முன் ஷூ, பை, சீருடை மூன்றும் ஒரே நாற்காலியில். சார்ட் பேப்பர் நாலு, ஸ்கெட்ச் பேனா, பசை எல்லாம் முன்கூட்டியே வாங்கி பீரோ மேல். சிரித்தார். இதற்காகவா உங்களிடம் வந்தேன் என்று கேட்கவும் செய்தார். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது மேனேஜரைப் பற்றி அவராக எடுக்கவில்லை, நான்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

அன்றாட டென்ஷனில் பெரும்பகுதி இப்படித்தான், இரண்டு மூன்று முடிச்சுகளில் மாட்டிக்கொண்டிருக்கும். நாள் முழுக்கக் கஷ்டம் என்று தோன்றும், ஆனால் எழுதிப் பார்த்தால் காலை அரை மணி நேரமும் இரவு ஒரு மணி நேரமும்தான் நிற்கும். உங்கள் முடிச்சு எது என்று எனக்குத் தெரியாது. ஆனால் நாலு டிபன் பாக்ஸையும் ஒரே ஆள் கட்டுகிறார் என்பதைப் படித்ததும் எனக்கு ஒரு சந்தேகம்.

2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாகச் செலவிட்டது 299 நிமிடம். அதே வேலையைச் செய்யும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். அதிலும், அப்படிச் செய்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். ஐந்து மணி நேரச் சுமையை மூச்சுப் பயிற்சியால் இறக்க முடியாது. ஆளைப் பிரித்துத்தான் இறக்க வேண்டும்.

"அவர் நல்லவர்தான் சார், சொன்னா செய்வார்" என்று பெண்கள் சொல்லும்போது நான் கொஞ்சம் கடுமையாகவே பதில் சொல்வதுண்டு. 'சொன்னால்' என்ற சொல்லில்தான் பாரம் இருக்கிறது. பால் தீர்ந்தது, கேஸ் புக் பண்ண வேண்டும், பெரியவளுக்கு வெள்ளிக்கிழமை வெள்ளைச் சீருடை என்று ஞாபகம் வைத்திருப்பது ஒரு முழுநேர வேலை. ஓடிப்போய் வாங்கி வருவது அதில் கடைசிப் பத்து நிமிடம். அதனால் உதவி கேட்காதீர்கள், இலாகாவை ஒப்படைத்துவிடுங்கள். உதாரணமாக, மாமியாரின் மாத்திரை இலாகா முழுவதும் உங்கள் கணவருடையது. சீட்டைப் பத்திரமாக வைப்பது, தீர்வதற்கு ஐந்து நாள் முன் வாங்குவது, வேளைக்கு எடுத்துக் கொடுப்பது, அடுத்த முறை டாக்டரிடம் கூட்டிப்போவது எல்லாமே. அவருடைய அம்மாதானே! பெரிய பிள்ளைக்குப் பத்து வயதுக்கு மேல் என்றால் தன் தண்ணீர் பாட்டிலும் பையும் அவனோ அவளோ பார்த்துக்கொள்ளட்டும். ஒப்படைத்த பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டமான பகுதி. முதல் பதினைந்து நாள் குளறுபடி நடக்கும். ஒரு நாள் பாட்டில் இல்லாமலே பள்ளிக்குப் போவார்கள். நீங்கள் பாய்ந்து எடுத்துக்கொண்டால் இலாகா நிரந்தரமாக உங்களிடமே திரும்பிவிடும்.

அடுத்து, 'பார்க்கலாம்' என்ற சொல். நம் ஊரில் முடியாது என்று சொல்வது மரியாதைக் குறைவு என்பதால் எல்லாவற்றுக்கும் பார்க்கலாம் என்கிறோம். நாத்தனார் வீட்டு விசேஷம், ஆண்டு விழா நடனப் பயிற்சி, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டியூஷன், எல்லாம் பார்க்கலாம். எதிராளி அதைச் சரி என்று எடுத்துக்கொள்கிறார். நீங்கள் இல்லை என்று நினைத்துக்கொள்கிறீர்கள். நடுவில் இரண்டு வாரம் அது உங்கள் மண்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது. முகத்தை முறிக்க வேண்டாம். முடியாததோடு முடிவதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "இந்த மாசம் பரீட்சைத் தாள் இருக்கு அண்ணி, வர முடியாது. அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயிறு வர்றேன்." ஒரு நிமிடச் சங்கடத்தோடு போய்விடும்.

பணத்தைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. ஆனால் என்னிடம் வருகிற முக்கால்வாசிப் பேரின் டென்ஷனுக்கு அடியில் அது இருக்கும். சுருக்கமாகச் சொல்கிறேன். தவணை, சீட்டு, நகைக்கடன் வட்டி, கைமாற்று எல்லாவற்றையும் தேதியோடு ஒரே தாளில் எழுதுங்கள். எழுதாத கடன் எழுதிய கடனைவிடப் பெரிதாகத் தெரியும். சம்பளம் வருவதற்கு முன்பே தவணை போகிறதென்றால் தேதியை மாற்ற முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். பள்ளிக் கட்டணத்துக்கு மாதாமாதம் ஆர்டி போடுங்கள். ஜூன் மாதம் வருஷா வருஷம் தவறாமல் வருகிறது, நாம்தான் ஒவ்வொரு முறையும் திடுக்கிடுகிறோம்.

இதெல்லாம் ஒரு மாதத்தில் பிடிபடும் விஷயம். அதுவரை உடம்பு தாங்க வேண்டுமே. அதற்கு உடம்போடுதான் பேச வேண்டும்.

இதைப் படித்துக்கொண்டே இடது மணிக்கட்டில் நாடி பிடித்துப் பாருங்கள். மெதுவாக மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகும், விடும்போது சற்று நிதானமாகும். கொஞ்ச நேரம் கவனித்தால் பலருக்கு விரலிலேயே தெரியும். மூச்சை விடும்போது, இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் கை ஓங்குவதுதான் காரணம். ஆக, இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால் போதும். நாலு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடலாம். கண்ணை மூட வேண்டாம், பாய் விரிக்க வேண்டாம். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது.

எங்கள் வீட்டில் பாட்டி இருந்தவரை யாரும் பெருமூச்சு விட முடியாது. "வீட்டுக்கு ஆகாது" என்று அதட்டுவார். 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அந்தப் பெருமூச்சையே ஆராய்ந்திருக்கிறார்கள். மூக்கால் முழுதாக இழுத்து, அதன் மேலேயே இன்னொரு சின்ன இழுப்பு, பிறகு வாயால் நீளமாக விடுவது. இதைத் தினம் ஐந்து நிமிடம் வீதம் ஒரு மாதம் செய்தவர்களுக்கு, அதே நேரம் தியானம் செய்தவர்களைவிட மனநிலை கூடுதலாகத் தெளிந்தது. ஐந்து நிமிடம் கிடைக்காவிட்டாலும், வேனில் உட்கார்ந்ததும் மூன்று, வீட்டு அழைப்பு மணியை அழுத்தும் முன் மூன்று என்று விட்டுப் பாருங்கள். மூன்று போதும் என்பது ஆய்வு சொன்னதல்ல, என் அனுபவம். பாட்டி மன்னிக்கட்டும்.

இன்னொன்று தோள். தையல் வேலை பார்க்கும் ஒருவர் தலைவலி என்று வந்து என் எதிரில் உட்கார்ந்திருந்தார். தோள் இரண்டும் காதைத் தொடுகிற மாதிரி தூக்கிக்கொண்டிருந்தது. "தோளை இறக்குங்கம்மா" என்றேன். இறக்கிவிட்டு, "தூக்கிட்டா இருந்தேன்?" என்று கேட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே மறுபடி ஏறிவிட்டது. சிகாகோவில் இருந்த எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்பே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். இறுக்கமாக இருக்கும் தசையைத் தளர்த்து என்றால் நமக்குத் தளர்த்தத் தெரியாது. அதனால் வேண்டுமென்றே முதலில் இன்னும் இறுக்கிவிட்டு, அப்புறம் சட்டென்று விட வேண்டும். தோளைக் காது வரை தூக்கி ஐந்து எண்ணி, பொத்தென்று போடுங்கள். கைமுட்டியையும் அப்படியே இறுக்கி விடுங்கள். பல்லையும் கவனியுங்கள். உதடு மூடியிருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டக் கூடாது. ஒட்டிக்கொண்டிருந்தால் கடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கண்ணாடி மாற்றியும் போகாத சில தலைவலிகள் இதனால் வருபவை.

காபியை விடச் சொல்ல மாட்டேன், நானே விட மாட்டேன். ஆனால் குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஐந்தரைக்குக் குடிக்கும் டிகிரி காபியில் பாதி ராத்திரி பத்தரைக்கும் உங்களுக்குள் விழித்துக்கொண்டிருக்கிறது. கடைசி காபியை மதியம் இரண்டு மணிக்குள் முடித்துப் பாருங்கள். சிலருடைய 'காரணமே இல்லாத படபடப்பு' அதோடு நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

பழைய வீடுகளில் திண்ணை இருந்தது. வெளியிலிருந்து வருகிறவர் செருப்பைக் கழற்றி, கால் கழுவி, அங்கே ஐந்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் உள்ளே போவார். உள்ளே போனதும்தான் வீட்டு வழக்கெல்லாம். (அந்த வசதியும் ஆம்பிளைகளுக்குத்தான் அதிகம் கிடைத்தது என்று என் மனைவி ஞாபகப்படுத்துகிறார்.) இப்போது வாசல் கதவைத் திறந்தவுடனே "அம்மா, அவன் என்னை அடிச்சுட்டான்" தொடங்கிவிடுகிறது. உங்களுக்கு ஒரு திண்ணை வேண்டும். வேன் நிறுத்தத்திலிருந்து ஒரு தெரு சுற்றி நடந்து வரலாம், மொட்டை மாடியில் பத்து நிமிடம் நிற்கலாம். "அம்மா முகம் கழுவி, டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் யாரும் எதுவும் கேக்கக் கூடாது" என்று வீட்டில் சட்டமே போடலாம். பிள்ளைகள் நாலு நாளில் பழகிவிடுவார்கள், பெரியவர்களுக்குத்தான் நாளாகும்.

ராத்திரிக்கு இரண்டு விஷயம். பள்ளி வாட்ஸப் குழுவை இரவு ஒன்பது மணிக்கு மேல் பார்க்காதீர்கள். அவசரமென்றால் போன் பண்ணுவார்கள். அப்புறம், படுத்த பிறகு நாளைய வேலை ஒவ்வொன்றாக வந்து எட்டிப்பார்க்கிறதென்றால், படுக்கும் முன் ஐந்து நிமிடம் அவற்றைத் தாளில் எழுதிவிடுங்கள். 2018இல் டெக்சாஸில் உள்ள பேலர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்துப் பார்த்தார்கள். செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், அன்று செய்து முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். 'நோட்டு' என்று எழுதாமல் '8பி கணக்கு நோட்டு, பத்து மட்டும், இரண்டாவது பீரியடில்' என்று எழுதுங்கள்.

பேச ஓர் ஆள் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எப்படிப் பேசுவது என்பதைச் சொல்கிறேன். ஜிம்பாப்வேயில் அளவுக்கு மீறி யோசித்துக்கொண்டே இருப்பதை 'குஃபுங்கிசிசா' என்கிறார்கள். நம் ஊரில் "எந்நேரமும் ஒரே யோசனையா இருக்கா" என்பது மாதிரிதான். டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் ஹராரேயில் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, மருத்துவமனை வளாகத்தில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார். வருகிறவரின் தொல்லைகளையெல்லாம் பாட்டி கேட்டுக்கொள்வார். பிறகு அதில் ஒன்றை மட்டும் அவரையே பொறுக்கி எடுக்கச் சொல்லி, அதற்கு இந்த வாரம் என்ன செய்யலாம் என்று கேட்பார். அவ்வளவுதான். 2016இல் வெளிவந்த ஆய்வில், ஆறு மாதம் கழித்தும் பெஞ்சுக்கு வந்தவர்களுக்கு வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட நல்ல பலன் தெரிந்தது. ஸ்டாஃப் ரூமில் நாமும் பேசுகிறோம், ஆனால் எல்லாத் தொல்லையையும் பேசிவிட்டு எதையும் பொறுக்கி எடுக்காமல் மணி அடித்ததும் எழுந்துவிடுகிறோம். நம்பிக்கையான ஒரு தோழியிடம் சொல்லி வையுங்கள்: "நான் புலம்பி முடிச்சதும், சரி, இதுல எதை முதல்ல பார்க்கப் போறேன்னு கேளு."

ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. மூச்சு வாங்குதல், அசதி, எரிச்சல், படபடப்பு எல்லாம் அதிலும் வரும், தைராய்டு கோளாறிலும் வரும். ஹீமோகுளோபின் எட்டில் நிற்கிறவரிடம் வாழ்க்கையை ஒழுங்குபடுத்து என்று சொல்லிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

நான் இதுவரை சொன்னதெல்லாம் சுமை குறைந்தால் குறைகிற டென்ஷனுக்கு. பத்திரிகைகளில் மனச்சோர்வு நோயையும் அதே 'மன அழுத்தம்' என்ற பெயரில் எழுதிவிடுகிறார்கள், அது வேறு. லீவு விட்டும், வேலை குறைந்தும், இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள் மனம் கவிழ்ந்தே கிடந்தாலோ, பிடித்த எதிலும் ஒட்டாமல் போனாலோ, விடியும் முன்பே விழித்து அதற்குப் பிறகு தூங்க முடியாமல் போனாலோ மருத்துவரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தால்கூட இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச சேவை, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

சரி, முதல் வாரத்துக்கு உங்களுக்கு இரண்டே வேலை. நோட்டில் மணி குறிப்பது ஒன்று, மாமியார் மாத்திரை இலாகாவைக் கைமாற்றுவது இன்னொன்று. பாக்கியெல்லாம் நோட்டு என்ன சொல்கிறதோ அதைப் பொறுத்து. சாவிக்குக் கொக்கி மாட்டுகிற நிலை வந்தால் ஆணி அடித்தே மாட்டுங்கள். ஒட்டுகிற கொக்கி வேண்டாம், இரண்டாவது மாதம் ஏதாவது ஒரு காலையில், சரியாக ஏழு மணிக்கு, சாவியோடு கழன்று விழும்.